ஒண்ணாம் நம்பர் ரத்தம்

முதலில் அவருடைய இடது கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முழங்கை மடங்கும் இடத்தில் ஊசி குத்திக் குத்தி, ஒரு மிளகு அளவுக்குக் காய்த்துப்போயிருந்தது. நோய் நொடி என்று குத்திக்கொண்ட ஊசி ஒன்றுகூட இல்லை. ஒன்பது வருஷமாக, வாரம் ஒரு தடவை, ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொடுத்த ரத்தம் அது.

அங்கே அவருக்கு வேலை பாட்டில் கழுவுவது. எட்டாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பதினைந்து வயதில் கூல்டிரிங்ஸ் கம்பெனியில் பாட்டில் கழுவப் போனவர். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியில். அப்புறம் இங்கே, மூன்றாவது மாடியில், பத்தொன்பது வருஷம். சுத்தத்தில் மனுஷர் பிடிவாதக்காரர். கழுவின பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பிடிப்பார். தண்ணீர் ஒரே பட்டையாக வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எங்கேயாவது முத்து முத்தாகத் திரண்டு நின்றால் சோப்போ எண்ணெயோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் தொட்டிக்குள் போகும். சோப்பு துளி இருந்தாலும் உள்ளே வளர்க்கும் செல்கள் செத்துப்போகும் என்பது அவருக்குப் படித்தவர்களைவிட நன்றாகத் தெரியும்.

ரத்தம் கொடுக்கும் வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நோயாளிக் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் நல்ல ஆரோக்கியமான ஒருத்தர் ரத்தமும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. ஆரம்பத்தில் மூணு பேர் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒருத்தர் கல்யாணமாகி வெளியூர் போனார், ஒருத்தர் ஊசியைக் கண்டாலே கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கடைசியில் இவர் ஒருத்தர்தான் மிஞ்சினார். இவர் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயில் எப்போதும் ‘1’ என்று எழுதுவார்கள். அதனால் கட்டடம் முழுக்க அவருக்கு ஒண்ணாம் நம்பர் என்றே பெயராகிவிட்டது.

“அப்படி என்னதான்யா தேடுறாங்க உன் ரத்தத்துல?” என்று லிப்ட்காரர் ஒரு நாள் கேட்டார். இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம். ஒருத்தரை ஒருத்தர் வாராமல் டீ இறங்காது.

“வாசல் தேடுறாங்க.”

“ரத்தத்துல ஏதுய்யா வாசல்?”

“கேளு. உடம்புக்குள்ள காவல் காக்குற செல்லுங்க இருக்கு. ஒவ்வொண்ணைச் சுத்தியும் ஒரு தோல், சவ்வுன்னு சொல்லுவாங்க. அந்தச் சவ்வுல குட்டிக் குட்டியா வாசல். மரத்துல செஞ்சது இல்ல, புரதத்துல செஞ்சது. கிருமி வந்தா அந்த வாசல் திறக்கும், வெளியிலேர்ந்து கால்சியம் உள்ள பாயும். அப்பத்தான் காவல்காரன் முழிச்சு அடிப்பான். சில குழந்தைங்களுக்கு அந்த வாசலே கிடையாது. பொறந்ததிலேர்ந்து காய்ச்சல், சளி, வாயெல்லாம் புண்ணு. காவல்காரன் இருக்கான், ஆனா தூங்குறான்.”

“நம்ம கேட்டுல இருக்கானே, அவன மாதிரி.”

“அவனாச்சும் டீ வந்தா எந்திரிப்பான்.”

வாசலைக் கண்ணால் பார்க்க ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். அந்த வாசலில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்து, அதன் வாலில் ஒரு சாயம். நுண்ணோக்கியில் நீல வெளிச்சம் அடித்தால் சாயம் பச்சையாக மின்னும். வாசல்கள் சவ்வில் இருந்தால் செல்லைச் சுற்றி ஒரு பச்சை வளையம் தெரியும். வாசல் இல்லாத குழந்தையின் செல் வெறும் இருட்டு.

நுண்ணோக்கி முன்னால் உட்காரும் பெண் ஒவ்வொரு தடவையும் முதலில் ஒண்ணாம் நம்பரைத்தான் வைப்பாள். வளையம் பளிச்சென்று, நிறைவாகத் தெரியும்வரை குமிழைத் திருகுவாள். அதுதான் முழு அளவு. அப்புறம் குமிழைத் தொடாமல் குழந்தையுடையதைப் பார்ப்பாள், குழந்தையின் அப்பா அம்மாவுடையதைப் பார்ப்பாள். இவருக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. வராண்டாவில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பெற்றோரிடம், “பயப்படாதீங்க, என் ரத்தத்தை வச்சுத்தான் அளப்பாங்க” என்று சொல்வார். எடைக்கல் பேசுவதுபோல இருக்கும்.

வீட்டில் அந்தக் கர்வம் செல்லாது. அவர் மனைவி அவருக்கு அத்தை மகள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கூடத்தில் காலர் வைத்துத் தைப்பவள். இரண்டு அறை வீடு, இரண்டு பேர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று பேராக இருந்தார்கள்.

குழந்தை எட்டு மாதம்தான் இருந்தது. பிறந்ததிலிருந்தே சளி, காய்ச்சல், நாக்கெல்லாம் வெள்ளை படிந்த புண். ஒரு மாதிரி தேறின சமயம் பார்த்து அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்த பதினோராம் நாள் குழந்தை ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிப் போய்விட்டது. அன்று அவர் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்து, “மழையில கொண்டுபோய் நீதான் கொன்னுட்டே” என்றார்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஆனால் அதை அவர் திருப்பி வாங்கவேயில்லை. கோபத்தில் சொன்னது இல்லையே, நம்பித்தானே சொன்னார், இப்போதும் நம்பினார். அடுத்த குழந்தை பற்றிப் பேச்சு எடுத்தவர்களிடம் அவள், “என் கையில கொடுக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்புறம் எல்லாம் சாப்பாடு ஆச்சா, தண்ணி வந்துச்சா என்ற அளவில்தான் ஓடியது.

இந்த லட்சணத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் சளியோடு வேலைக்கு வந்தார். சளி பிடித்தவர் ரத்தம் ஒப்பிட ஆகாது என்பது கூடத்தின் சட்டம். கூடத்தை நடத்தும் மேடம் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

“இன்னைக்கு நீங்க வேணாம். வேற யாரையாவது பிடிங்க.”

அவர் லிப்ட்காரரைப் பிடித்தார். லிப்ட்காரர் ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “என் பொண்டாட்டிகிட்ட நான் தைரியமாத்தான் இருந்தேன்னு சொல்லிடு” என்றார். எடுத்து முடித்ததும் மார்பை நிமிர்த்திக்கொண்டு லிப்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் நுண்ணோக்கி அறையிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்ட சத்தத்தில் மேடம் ஓடினார், இவரும் பின்னாலேயே போனார். அவசரத்தில் குமிழைப் போன வாரம் இவர் ரத்தத்துக்குத் திருகின இடத்திலேயே விட்டுவிட்டு லிப்ட்காரர் செல்லை வைத்துவிட்டாளாம். பச்சை அளவு மிஞ்சி, திரை முழுக்க வெள்ளையாகத் தகதகத்தது. வளையம் எது, நடு எது என்றே தெரியவில்லை.

“சாயம் அதிகமா விட்டுட்டியா?” என்றார் மேடம்.

“இல்ல மேடம். அதே அளவுதான்.”

மேடம் மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்தார். “பாட்டில்ல ஏதாவது மிச்சம் இருந்திருக்குமோ?”

இவருக்குச் சுர்ரென்று ஏறியது. “பத்தொம்பது வருஷமா கழுவுறேன் மேடம். என் பாட்டில்ல ஒரு சொட்டு சோப்பு காட்டுங்க, இன்னைக்கே கணக்க முடிச்சுட்டுப் போறேன்.”

“கோவிச்சுக்காதீங்க. எல்லாத்தையும் கேக்கணும்ல.”

மறுநாள் புதுச் சாயம், புதுப் பாட்டில். லிப்ட்காரர், கணக்கு எழுதுபவர், மேடமின் டிரைவர், இன்னொரு மாடியில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்று நாலு பேர் ரத்தம். நாலும் தகதகவென்று எரிந்தது. லிப்ட்காரர் திரையைப் பார்த்துவிட்டு, “பாத்தியா, சூரியன்! நீதான் ஒண்ணாம் நம்பர்னு ஒன்பது வருஷம் ஏமாத்திட்டே” என்று இவர் தோளில் தட்டினார். இவரும் சிரித்தார்.

போன மாதம் உறைய வைத்திருந்த இவருடைய செல்களை எடுத்து, அதே சாயம், குமிழும் அதே இடம் என்று அந்தப் பெண் கடைசியாக வைத்தாள். நிறைவான, அழகான, வழக்கமான வளையம். அந்த நாலு பேர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மங்கல். வெளிச்சத்தை அளந்து பார்த்தார்கள். சரியாகப் பாதி.

அப்புறம் அவள் சவ்வில் மருந்தால் துளை போட்டு, சாயத்தை உள்ளே விட்டுப் பார்த்தாள். செல்லுக்குள் ஒரு ஓரமாகப் பச்சைக் கட்டி ஒன்று உருண்டு கிடந்தது.

“அண்ணா,” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்களுக்கு வாசல் தயாராகுது. ஆனா பாதி வெளியில வரவேயில்ல. உள்ளயே தேங்கிக் கிடக்கு.”

லிப்ட்காரர் சிரிப்பை நிறுத்தினார். இவர் மேடமைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், உதடெல்லாம் வெளுத்துவிட்டது.

“மேடம், என்ன ஆச்சு? எனக்கு ஏதாச்சும் வியாதியா?”

“உங்களுக்கு ஒண்ணுமில்ல. பாதி வாசல் இருந்தாலே போதும், ஆயுசு முழுக்கத் தெம்பா இருக்கலாம். தப்பு என்னோடது.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “வாசலே இல்லாத குழந்தை பொறக்கணும்னா அப்பாவும் அம்மாவும் ஆளுக்குப் பாதியா இருக்கணும். அதுதான் கணக்கு. ஆனா நான் பாத்த அப்பா அம்மா எல்லாரும் முழுசா இருந்தாங்க. ஏன்னு எனக்குப் புரியவேயில்ல. இவங்க கேஸ் வேற மாதிரின்னு நினைச்சேன். முழுசு இல்ல. உங்க அளவு இருந்தாங்க, நீங்களோ பாதி. பதினாலு குடும்பம். ‘உங்க ரத்தத்துல குறை இல்ல, அடுத்த குழந்தைக்கு பயமில்ல’ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்.”

அந்தப் பதினாலு குடும்பத்தையும் இவருக்கு முகம் தெரியும். ஒருத்தி போன மாதம்தான் மேடான வயிற்றோடு இனிப்புக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். இவரும் ஒன்று வாயில் போட்டுக்கொண்டார்.

மேடம் அந்தப் பெண்ணிடம், “பழைய பைல் எல்லாம் எடு. இன்னைக்கே எல்லாருக்கும் போன் பண்ணணும். வயித்துல இருக்கிறவங்களுக்கு முதல்ல” என்றார். சொல்லிக்கொண்டே ஏதோ தட்டினதுபோல் சட்டென்று இவர் பக்கம் திரும்பினார். “உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா?”

பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.

“ஒண்ணு இருந்துச்சு.”

“இருந்துச்சுன்னா?”

அவர் சொன்னார். சளி, காய்ச்சல், வாயில் வெள்ளை, எட்டு மாதம். சொல்லச் சொல்லவே அவருக்குக் கேட்டது. வராண்டாவில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு தாயும் ஒன்பது வருஷமாக இதையேதான் சொன்னாள், ஒரு எழுத்து மாறாமல். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தன் குழந்தையின் ஞாபகம் ஒரு தடவைகூட வந்ததில்லை. எப்படி வரும்? அவர்தான் அளவு, வியாதி மற்றவர்களுக்குத்தான். அவர் குழந்தையைக் கொண்டுபோனது மழை, மழைக்குக் கொண்டுபோனது அவள்.

“மனைவி சொந்தமா?”

“அத்தை பொண்ணு.”

“அவங்க ரத்தம் பாக்கணும். அவங்களும் பாதின்னா… குழந்தையோட ரத்தம் நம்மகிட்ட இல்ல, அதனால நூத்துக்கு நூறு சொல்ல மாட்டேன். ஆனா அவங்களும் பாதின்னா, மழை பேஞ்சிருந்தாலும் பேயாட்டியும் அந்தக் குழந்தை தாங்கியிருக்காது. அவங்க முழுசா இருந்தா, அது வேற ஏதோ காய்ச்சல். நம்மால சொல்ல முடியாது.”

எப்படி பஸ் ஏறினார், எங்கே இறங்கினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தையல் கூடத்து வாசலில் போய் நின்றபோது மணி மூன்று. உள்ளே முப்பது மிஷின்கள் ஒரே இரைச்சல். இந்த நேரத்தில் அவரைப் பார்த்ததும் அவள் மிஷினை நிறுத்தாமலே எழுந்து வந்துவிட்டாள்.

“என்னங்க? வேலை போயிடுச்சா?”

“இல்ல. நாளைக்கு நீ என்னோட வரணும். கொஞ்சம் ரத்தம் கொடுக்கணும்.”

“எதுக்கு?”

படிக்கட்டில் நின்றபடி சொன்னார். வாசல், சவ்வு, பாதி, லிப்ட்காரர் எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டினார். அவள் தோளில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாகக் கேட்டாள்.

“அப்ப என் ரத்தம் முழுசா இருந்தா?”

அப்படி இருந்துவிடக் கூடாது என்றுதான் வழி நெடுக அவர் வேண்டிக்கொண்டு வந்தார். கடவுளே, இவள் ரத்தமும் கெட்டதாக இருக்க வேண்டும். எந்தப் புருஷன் பெண்டாட்டிக்காக இப்படி வேண்டிக்கொள்வான்?

“முழுசா இருந்தா நான்தான் கொன்னேன். அப்படித்தானே?” என்றாள் அவள். “சரி, வரேன்.”

மறுநாள் காலை அவள் கையில் அவரே பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஊசியைக் கண்கொட்டாமல் பார்த்தாள். குழாயில் ‘2’ என்று எழுதினார்கள். செல்லைப் பிரித்து, சாயம் ஏற்றி, கழுவி, மறுபடி ஏற்றி முடிக்க நாலு மணி நேரம் ஆனது. அவள் வராண்டாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் தொட்டிக்குப் போய், ஏற்கெனவே கழுவின பாட்டில்களை எடுத்து மறுபடியும் கழுவினார். ஒன்று கைதவறி உடைந்தது.

“வாங்கண்ணா,” என்றாள் நுண்ணோக்கிப் பெண். “அக்காவையும் கூட்டிட்டு வாங்க.”

திரையில் இரண்டு படங்கள். இடதுபக்கம் லிப்ட்காரர், சும்மா சொல்லக்கூடாது, நிஜமாகவே சூரியன்தான். வலதுபக்கம் அவள். மங்கலான வளையம். உள்ளே அதே ஓரத்தில் அதே பச்சைக் கட்டி. அவருடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். எது யாருடையது என்று பெயர் எழுதாவிட்டால் சொல்ல முடியாது.

“பாதி,” என்றார் மேடம், மெல்ல. “ரெண்டு பேருக்கும் ஒரே குறை. ஒரே தாத்தா வழியா வந்திருக்கணும். அன்னைக்கு இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் வழி இருந்திருக்காதும்மா.”

அவள் திரைக்குக் கிட்டே போய் விரலை நீட்டினாள். “இதுல பாப்பாவோடது எது?”

“அது இல்லம்மா. பாப்பா ரத்தம் எங்ககிட்ட இல்ல.”

“இருந்திருந்தா எப்படித் தெரியும்?”

அந்தப் பெண் மேடமைப் பார்த்தாள். மேடம் தலையசைத்ததும் வேறு எந்தக் குழந்தையுடையதோ ஒரு படத்தைப் போட்டாள். திரையில் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வராண்டாவுக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் எதிரில் நின்றார்.

“உன் மேல தப்பே இல்ல,” என்றார். “உனக்கே தெரிஞ்சிருக்கும்.”

“எனக்கு எப்படித் தெரியும்?” அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர் ஒரு அடி பின்னால் போனார். “நீங்க சொன்னதை நீங்க மட்டும்தான் நம்புனீங்கன்னு நினைச்சீங்களா? நானும் நம்பிட்டேன். நான்தான் கொன்னேன்னு இன்னைக்குக் காலையில ஊசி போடுற வரைக்கும் நம்பிக்கிட்டிருந்தேன்.”

இத்தனை வருஷமும் அவள் தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார். வாய்க்குள்ளே நூறு தடவை தன்னைத் திட்டியிருப்பாள் என்று. அவள் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் சொன்னது தப்பு. தப்பு தப்புன்னு சொல்றேன். மன்னிச்சிடு.”

“எனக்குச் சொன்னது போதும்.” அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். “அக்காவுக்குச் சொல்லுங்க. பாப்பாவைத் தூக்கிட்டு வரச்சொல்லிக் கூப்பிட்டதே நான்தானேன்னு அவ இன்னைக்கு வரைக்கும் அழறா. நான் சொன்னா நம்ப மாட்டா.”

அந்த வீட்டுக்கு அவர் இருபத்திரண்டு வருஷமாகப் போன் போட்டதில்லை. வழியில் பார்த்தாலும் ஒதுங்கிப் போய்விடுவார். அவளே நம்பரைப் போட்டு அவர் கையில் திணித்தாள்.

“என்னடி, இந்த நேரத்துல?” என்றது அந்தப் பக்கம்.

“அண்ணி, நான் பேசுறேன்.”

உடனே ஒரு அலறல். “ஐயோ! என் தங்கச்சிக்கு என்ன ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி? சொல்லித் தொலைங்க!”

தன் குரல் கேட்டால் அந்த வீட்டில் சாவுச் செய்தி என்றுதான் நினைப்பார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ நல்லா இருக்கா அண்ணி. என் பக்கத்துலதான் இருக்கா. பாப்பாவைப் பத்தி…”

“என்ன? கேக்கல! அழுறீங்களா? என்ன ஆச்சுன்னு சொல்லுங்க!”

“பாப்பா மழையால போகல அண்ணி!” என்று கத்தினார் அவர். வராண்டாவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு அப்பாவும் அம்மாவும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். லிப்ட்காரர் லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். “உங்க வீட்டுக்கு வந்ததால இல்ல. அவளால இல்ல. அது என் ரத்தத்துலயும் இருந்துச்சு. நான் சொன்னது பொய் அண்ணி, எல்லார் முன்னாடியும் சொன்னது அத்தனையும் பொய்.”

சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவள் சொல்லவில்லை. கைக்கட்டைப் பிரித்து, பஞ்சு ஒட்டியிருந்த கையால் பக்கத்து நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள்.

“உக்காந்து சொல்லுங்க,” என்றாள். “முதல்லேர்ந்து சொல்லுங்க.”